ஈஸ்டர் அட்டையும் பலகாரப் பொட்டலமும்: முயல் இல்லாமல் முடியாதா?

சேரன்மகாதேவிப் பக்கத்து வாசகி ஒருவரின் கேள்வி:

"எங்க ஊர் ஓய்வுநாள் பள்ளியில 40 பிள்ளைக. ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டையும், மிட்டாய் போட்டுக் கொடுக்க தாள்ல ஏதாவது கூடையும் பிள்ளைக கையாலேயே செய்யணும்னு ஐயரம்மா (போதகர் வீட்டம்மா) சொல்லிட்டாங்க. தேடிப் பாத்தா எல்லாம் முயலும் கலர் முட்டையுமா வருது. அதையே அச்செடுத்து வெட்டி ஒட்டிரலாமா, வேற வழி இருக்கா அக்கா? செலவு கம்மியா இருக்கணும்."

16 மார்ச் 2025, ஞாயிறு இரவு

அச்செடுத்து ஒட்ட வேண்டாம் தங்கச்சி. பிள்ளை கையில் பசைதான் மிஞ்சும், வேறொன்றும் தங்காது.

ஈஸ்டர் அட்டையில் ஏதாவது ஒன்று நகர வேண்டும் என்பது என் பிடிவாதம். கிறிஸ்துமஸ் அட்டையில் மாட்டுத்தொழுவம் அசையாமல் இருக்கலாம். ஈஸ்டர் கதையே இயேசுவின் கல்லறையை மூடின கல் புரண்ட கதை. விடியற்காலையில் கல்லறைக்குப் பெண்கள் போகும்போது கவலைப்பட்டதே "அந்தக் கல்லை எவன் புரட்டித்தள்ளுவான்" என்றுதானே? அதனால் கல்லைப் பிள்ளையே புரட்டுகிற மாதிரி செய்யுங்க.

அட்டையின் முன்பக்கத்தில் 3 செ.மீ. அகலம், மூன்றரை செ.மீ. உயரத்துக்குக் கல்லறை வாசல் வெட்டுங்க. கல்லுக்கு 5 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். காம்பஸில் இரண்டரை செ.மீ. வைத்துப் போட்டால் சரியாக வரும். வட்டம் வாசலை நடுவாக மூடும்படி வைத்து, வட்டத்தின் வலது ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே ஊசியால் குத்துங்க. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்து, கல்லையும் அட்டையையும் சேர்த்துத் தைத்து, பின்னால் முடிச்சு. அவ்வளவுதான். கல்லை அரைச் சுற்று சுற்றினால் வாசலை விட்டு முழுக்க விலகி வலது பக்கம் போய் நிற்கும். வாசலை 3 செ.மீ.க்கு மேல் அகலப்படுத்தாதீங்க. அகலப்படுத்தினால் கல் விலகினாலும் ஓரத்தில் கொஞ்சம் மறைக்கும், பொத்தானுக்கும் இடம் இருக்காது.

வாசல் வழியே தெரிகிற உள்பக்கத்தில் என்ன வரைவது? ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் விஷயம். யோவான் 20-ஆம் அதிகாரத்தில் தலைச்சீலை தனியே சுருட்டி வைத்திருந்தது என்று வருகிறதல்லவா, ஒரு துண்டு வெள்ளைத் துணியைச் சுருட்டி ஒட்டினால் போதும். கீழே "அவர் இங்கே இல்லை" என்று பிள்ளையின் சொந்தக் கையெழுத்து. கோணலாக இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீங்க.

வாசல் வெட்டுகிற வேலை மட்டும் பெரியவர்கள் செய்யணும், பிளேடு பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது.

17 மார்ச்

கணக்கு கேட்டீங்க. கடையில் கிடைக்கிற சார்ட் அட்டை 56க்கு 71 செ.மீ. அதை மாறி மாறி நாலு தடவை பாதியாக வெட்டினால் 16 துண்டு, ஒவ்வொன்றும் 14க்கு 17.75. நடுவில் மடித்தால் 14 செ.மீ. அகலம், 9க்குக் கொஞ்சம் குறைவான உயரம். மேலே சொன்ன வாசலும் கல்லும் அதில் தாராளமாக அடங்கும். 3 சார்ட் வாங்கினால் 48 அட்டை. 40 பிள்ளைகள் போக 8 மிச்சம், கெட்டுப்போகிறதுக்கு அது வேணும். கழிவே இல்லை.

20 மார்ச், மதியம்

"மடிச்ச இடம் வெடிச்சு, வெள்ளையா பிளந்துடுது" என்று ஒரு நாங்குநேரி அம்மா எழுதியிருக்காங்க. இது முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாளுக்கும் மரத்தைப் போல நார் ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துவிடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கண்டுபிடிக்கிறது எளிது. சார்ட்டை அழுத்தி மடிக்காமல் சும்மா வளைத்துப் பாருங்க, பிறகு மறுபக்கமாக வளைங்க. எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, மடிப்புக் கோடு அந்தப் பக்கம்தான் போகணும். கைக்குப் புரியாவிட்டால் ஒரு சிறு சதுரத்தை ஒரு பக்கம் நனைத்துப் பாருங்க, தானே சுருளும். அந்தக் குழலின் நீளவாக்குதான் நார் ஓட்டம்.

அடுத்தது, மடிப்பதற்கு முன் கோடு பள்ளம் போடணும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். ஸ்கேலை வைத்து ஒரு தடவை அழுத்தி இழுங்க, தாள் கிழியாமல் பள்ளம் மட்டும் விழும். பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கம் வரணும், உள்பக்கம் மேடு. பலரும் இதை மாற்றிச் செய்வாங்க. மடிந்துவிடும்தான், ஆனால் அட்டை வாயைத் திறந்துகொண்டே நிற்கும்.

17-ஆம் தேதி சொன்னபடி பதினாறு துண்டையும் ஒரே சார்ட்டில் வெட்டுகிறதால், ஓட்டத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எல்லாத் துண்டுக்கும் அதே திசை. குறுக்கே மடிக்க வேண்டிய நிலை வந்தால் பள்ளத்தை இரண்டு தடவை இழுங்க.

22 மார்ச்

செலவு என்றதும் நினைவுக்கு வந்தது, பழைய கல்யாணப் பத்திரிகைகள். நம்ம வீடுகளில் அலமாரி மேல் ஒரு கட்டு இருக்கும். சிவகாசி அச்சு, நல்ல தடிமன், சிலதில் பொன்வேலை. கல் வெட்டவும் ஓரத்துக்குப் பட்டை வெட்டவும் அதைவிட உசத்தியான தாள் கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஒன்று கவனிக்கணும். பக்கத்து வீட்டுப் பத்திரிகையில் பிள்ளையார் படம் இருக்கும், ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். அதைப் பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலோடு கொடுக்காதீங்க. அந்தப் படத்தை வெட்டுகிறது அவங்க மனசை நோகடிக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதை மட்டும் எடுங்க. நம்ம பத்திரிகையில் வசனம் இருந்தாலும் அதே மரியாதைதான்.

பத்திரிகை அட்டை சார்ட்டைவிடத் தடிமன். 16-ஆம் தேதி சொன்ன பொத்தானை இறுக்கித் தைத்தால் கல் சுழலாது. தைக்கும்போது பொத்தானுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு உருவி எடுங்க. அந்த இடைவெளி போதும்.

25 மார்ச், இரவு

முயல் விவாதம் சூடாகிவிட்டது. "பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விடுங்களேன்" என்கிறார் ஒருவர். "அது பேகன் சமாச்சாரம், தொடவே கூடாது" என்கிறார் இன்னொருவர்.

எனக்கு முயல் மேல் கோபம் இல்லை. அது ஜெர்மானிய ஊர்களின் வழக்கம். ஈஸ்டர் முயல் முட்டை கொண்டுவரும் என்று அங்கே சொல்லிக்கொண்டதை கியோர்க் ஃபிராங்க் என்ற மருத்துவர் 1682-லேயே எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து வாழ்த்து அட்டையில் ஏறி உலகம் சுற்றியது. பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் நல்லதாக ஒன்று போட்டிருக்கார்: "மிஷனரி ரேனியஸ் ஐயரும் ஜெர்மன்காரர்தான், 1820-லயே பாளையங்கோட்டைக்கு வந்தாரு. முயலைக் கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டாரு போல!" சிரித்து முடியவில்லை.

முட்டை வேறு சங்கதி. அது முயலுக்கு ரொம்ப மூத்தது. லெந்து (தவக்காலம்) நாற்பது நாளும் முட்டை உண்ணாமல் இருந்த சபைகளில், உயிர்த்த ஞாயிறு அன்று அந்த நோன்பு முட்டையோடு முடியும். கிழக்கத்திய சபைகளில் சிவப்புச் சாயம் ஏற்றுவாங்க, கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளமாக. அதனால் முட்டை வேணும் என்றால் அர்த்தத்தோடு வையுங்க. வெங்காயத் தோல் போட்டு அவித்தால் செம்பழுப்பு ஏறும், பீட்ரூட் இளஞ்சிவப்பு தரும், மஞ்சள் தூள் மஞ்சளே தரும். நிற்க வைக்க, 12 செ.மீ. நீளம் 3 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, 1 செ.மீ. மேலேற்றி வளையமாக ஒட்டினால் கோழிமுட்டை அசையாமல் உட்காரும். ஆனால் சித்திரை வெயிலில் அவித்த முட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. ஆராதனை முடிந்ததும் கொடுத்து, அங்கேயே சாப்பிட வைக்கணும்.

அட்டையில் தோட்டம் வரையலாமா என்றும் கேட்டிருந்தீங்க. தாராளமாக. மகதலேனா மரியாள் உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். வெளிநாட்டு அட்டையில் வருகிற அந்த லில்லிப் பூவைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வரையட்டும், அது வாசலில் பூக்கிறது.

29 மார்ச், காலை

கூடைக்கு வருகிறேன். இதைத்தான் இத்தனை நாளும் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

மூங்கில் கூடை மாதிரி தாளில் பின்னுகிறதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. நம்ம ஊரில் தின்பண்டத்துக்கும் பானத்துக்கும் மடித்துக் கொடுத்த பாத்திரம் எது? பட்டை. பதநீர் குடிக்கிற பனையோலைப் பட்டை. உடன்குடிப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போனால் விடிகாலையில் பனையேறி இறக்கின பதநீரை, தாத்தா அங்கேயே ஓலையை மடித்து முனையைக் கட்டிக் கொடுப்பார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கணும், மூக்கெல்லாம் ஓலை வாசம் ஏறும். பங்குனி சித்திரை பதநீர்ப் பருவம், ஈஸ்டரும் அதே பருவத்தில்தான் விழுகிறது. ஈஸ்டர் பலகாரத்தை வைக்க நமக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு என்ன வேணும்?

பனையோலைக்கு இயற்கையிலேயே மடிப்பு உண்டு, தாளுக்கு நாம் போடணும். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட் எடுங்க. 20க்கு 30 செ.மீ. துண்டு. நீளவாக்கில் 2 செ.மீ. இடைவெளியில் விசிறி மடிப்பு, மேலும் கீழும் மாறி மாறி. மடித்ததும் ஒடுங்கின நீளத் துண்டாக இருக்கும். இரு முனையிலும் 2 செ.மீ. உள்ளே நூலால் இறுக்கிக் கட்டுங்க. இப்போது நடுவில் விரல் விட்டு மெல்ல விரியுங்க. தோணி போல வாய் திறக்கும். இரு முனைக்கும் சேர்த்து ஒரு நீள நூல் போட்டால் கையில் தூக்கலாம்.

பசையே இல்லை. ஆறு வயசுப் பிள்ளையும் மடிக்கும், முடிச்சு மட்டும் பெரியவங்க போட்டுக் கொடுத்தால் போதும்.

எடை கூடின பண்டத்துக்குச் சுண்டல் பொட்டலம் மாதிரி கூம்பு செய்யுங்க. கால் வட்டம் வெட்டினால், அதன் ஆரத்தில் சரிபாதி கூம்பு வாயின் விட்டம். 20 செ.மீ. ஆரத்தில் வெட்டினால் வாய் 10 செ.மீ. ஒட்ட ஒன்றரை செ.மீ. மேலேறும், அதற்குத் தக்கபடி வாய் கொஞ்சம் சுருங்கும். அரை வட்டம் வெட்டினால் வாய் விட்டமும் ஆரமும் ஒன்று. அது அகலமான கூம்பு, சரிந்து கொட்டிவிடும். கால் வட்டமே போதும்.

30 மார்ச்

பட்டைக்கும் நார் ஓட்டம் பார்க்கணும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். மடிப்பு எல்லாம் ஓட்டத்தோடு நீளவாக்கில் போகணும். குறுக்கே போனால் விரிக்கும்போது மடிப்பு முறியும். பிரவுன் ஷீட்டின் பளபளப்புப் பக்கம் வெளியே வரட்டும்.

2 ஏப்ரல்

உவரிப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்கார்: "பனங்காட்டுக்காரங்களுக்குப் பட்டை சரி. கடக்கரை பிள்ளைகளுக்கு என்ன?"

நியாயமான கேள்வி அண்ணாச்சி. உயிர்த்த பிறகு இயேசு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துக் காலை உணவுக்குக் கூப்பிட்டாரே, வலையில் 153 மீன் பட்டதே! உங்க பிள்ளைகளைவிட அந்தக் காட்சி யாருக்குப் புரியும்? மீன் செய்யுங்க.

சார்ட்டை வெட்டின அதே 14க்கு 17.75 துண்டு. 14 பக்கத்தை வளைத்து 1 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் தட்டையான குழல், அகலம் ஆறரை செ.மீ. ஒரு முனையில் இரு முகத்திலும் டம்ளர் வாயை வைத்து உள்நோக்கி வளைந்த வில் கோடு, காலிப் பேனாவால் பள்ளம். அதை உள்ளே அழுத்தினால் மீன் தலைப்பக்கம் மூடிக்கொள்ளும். பலகாரத்தைப் போட்டு, மறுமுனையில் 4 செ.மீ. விட்டு நூலால் கட்டுங்க. கட்டுக்குப் பின்னால் இருக்கிறது வால், நடுவில் வெட்டி விரியுங்க. செதிலைப் பிள்ளைகளே போடட்டும். சாளை எப்படி, நெத்திலி எப்படி, வஞ்சிரம் எப்படி என்று அவங்களுக்கே தெரியும்.

5 ஏப்ரல்

உள்ளே என்ன வைப்பது. சாக்லேட் வேண்டாம். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். இந்த மாசம் பாளையங்கோட்டை மதியம் அதைத் தாண்டிவிடும்.

சில்லுக்கருப்பட்டி, கருப்பட்டி மிட்டாய், எள்ளுருண்டை, கோவில்பட்டி கடலைமிட்டாய். இவை எதுவும் வெயிலில் சாக்லேட் மாதிரி ஓடிப்போகாது. தூத்துக்குடி மக்ரூன் பிள்ளைகளுக்கு உயிர், ஆனால் பட்டைக்குள் நொறுங்கும், கூம்பில் வையுங்க. அல்வாவும் முதலூர் மஸ்கோத்தும் தாளின் எதிரி. அல்வாவில் நெய், மஸ்கோத்தில் தேங்காய்ப்பால் எண்ணெய், பத்து நிமிஷத்தில் சார்ட் கறை பிடிக்கும். கட்டாயம் அதுதான் வேணும் என்றால் உள்ளே வாழைச்சருகு வைத்துப் பொதியுங்க. பட்டர் பேப்பரும் ஆகும்.

பழைய செய்தித்தாளில் கூம்பு செய்யலாமே என்று ஒருவர் சொன்னதை மறுக்கிறேன். அச்சு மை பலகாரத்தில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் பொதியக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதியே இருக்கிறது. ஜிகினாவும் சம்கியும் அட்டையோடு நிற்கட்டும், பலகாரம் வைக்கிற எதிலும் ஒட்டாதீங்க.

8 ஏப்ரல்

பசை. வெள்ளைப் பசை மெல்லிய தாளில் தண்ணீர் விட்டுச் சுருக்கம் விழவைக்கும். விரலால் தடவாமல் பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டால் வழித்துப் பூசுங்க, மெல்லிசாகப் படியும். மைதாப் பசைதான் மலிவு. ஒரு கரண்டி மைதாவுக்கு ஆறு கரண்டி தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை கிண்டணும். இந்த வெக்கையில் மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்க. பூச்சி வராமலிருக்கத் துத்தம் போடுகிற வழக்கத்தை விட்டுடுங்க. அது விஷம், இங்கே பிள்ளைகள் விரலைச் சப்புவாங்க, பலகாரமும் பக்கத்தில் இருக்கும்.

ஒட்டின அட்டை வளையாமல் இருக்க இராத்திரி கனம் ஏற்றி வைக்கணும். வேதப்புத்தகத்தைத் தூக்கி வைத்தால் எங்க ஆச்சி விட மாட்டாங்க, நானும் விட மாட்டேன். அரிசிப் பை போதும்.

11 ஏப்ரல், இரவு

"குருத்தோலைச் சிலுவையை அட்டையில் ஒட்டலாமா?" நாளை மறுநாள் குருத்தோலை ஞாயிறு, அதனால் இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்.

முதலில் எனக்கும் ஆசைதான். யோசித்தால் மனசு ஒப்பவில்லை. கத்தோலிக்க வீடுகளில் மந்திரித்த ஓலையை வருஷம் முழுக்கப் பத்திரமாக வைத்து, அடுத்த சாம்பல் புதனுக்குக் கோயிலில் கொடுப்பாங்க. அதை வெட்டி ஒட்டுகிறது சரியில்லை. சி.எஸ்.ஐ. வீடுகளிலும் படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். அந்த ஓலையை விட்டுவிடுங்க. பவனிக்கு வெட்டியதில் மீந்த, ஜெபிக்காத ஓலை கிடைத்தால் அதை எடுங்க.

பச்சையாக ஒட்டினால் காயும்போது சுருங்கி அட்டையையும் இழுத்து வளைத்துவிடும். இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து நாலைந்து நாள் காயவிட்டு, வெளிறின பிறகு ஒட்டணும். ஞாயிறு எடுத்தால் பெரிய வியாழனுக்குப் பதமாக இருக்கும்.

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நேற்று பவுர்ணமி, அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மார்ச் 21-க்கோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பவுர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பதுதான் கணக்கு. அதனால்தான் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கேயும் விழும். இந்த வருஷம் கிழக்கத்திய சபைகளுக்கும் அதே ஏப்ரல் 20. "உயிர்த்தெழுந்த ஞாயிறு 20.04.2025" என்று அட்டையின் பின்னால் தேதி எழுதச் சொல்லுங்க. அடுத்த வருஷம் தேதி மாறும், எடுத்துப் பார்க்கிற அன்றைக்கு எந்த வருஷத்து அட்டை என்று தெரியணும்.

16 ஏப்ரல்

தனி மடலில் ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அவங்க வகுப்பில் பார்வையில்லாத பையன் ஒருத்தன். எல்லாப் பிள்ளைகளும் வர்ணம் தீட்டும்போது அவன் சும்மா உட்கார்ந்திருக்கான். இதை எல்லாரும் படிக்கட்டும் என்று அவங்க அனுமதியோடு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

புரளுகிற கல் அட்டை அவனுக்காகவே செய்தது மாதிரி. பொத்தான் கைக்குத் தட்டும், கல் சுழலும், வாசல் வெற்றிடமாக விரலுக்குத் தெரியும், உள்ளே சீலை துணியாகவே தட்டுப்படும். வாசலைச் சுற்றி வரைகிற குன்றின் விளிம்புக்குத் தடித்த நூலை ஒட்டுங்க. கல்லின் மேல் மணல் ஒட்டினால் சொரசொரப்பு வரும். அவன் பிரெயில் படிக்கிறவன் என்றால் வசனத்தை அவனே ஸ்லேட்டில் (பிரெயில் புள்ளி குத்துகிற சட்டம்) குத்தட்டும். பின்னாலிருந்து வலமிருந்து இடமாகக் குத்துவான், புரட்டினால் இடமிருந்து வலம் படிக்கலாம். அவன் எழுதினதை மற்றப் பிள்ளைகள் அவனிடம் கேட்டுப் படிக்கட்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற ஊர்க்காரங்க நாம், இது நமக்குப் பழகின விஷயமாக இருக்கணும்.

நூல் ஒட்டின அட்டையை மற்றப் பிள்ளைகளும் கேட்டால் கொடுங்க. அவனுக்கு மட்டும் தனி என்று ஆக்க வேண்டாம்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி, மாலை

மும்மணி ஆராதனை முடிந்து கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். நாளைக்குப் பலகாரத்தைப் பட்டையில் போடுகிற வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை, எறும்பு. கருப்பட்டி வாசம் பிடித்தால் ராத்திரியோடு வரிசை கட்டிவிடும். ராத்திரியே நிரப்பி வைக்காதீங்க. பட்டைகளை மட்டும் தயாராக வைத்து, அதிகாலை ஆராதனைக்குக் கிளம்பும் முன் நிரப்புங்க. இல்லையென்றால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வையுங்க.

23 ஏப்ரல்

சேரன்மகாதேவித் தங்கச்சி எழுதிட்டாங்க: "நாப்பது பிள்ளைகளும் கல்லைப் புரட்டிப் புரட்டி, பிரசங்கம் நடக்கும்போதே கிரிச் கிரிச்னு சத்தம். ஐயர் பாதியில நிப்பாட்டி, 'எல்லாரும் ஒரே நேரம் புரட்டுங்க பாப்போம்'னாரு." இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம்.

பட்டையில் ஒரு குறை சொல்லியிருக்காங்க, தூக்கும் நூல் வழுக்கிச் சில பட்டைகள் ஒருபக்கம் சாய்ந்துவிட்டன. தையல் நூலுக்குப் பதில் சணல் நூல் போடுங்க, முடிச்சு வழுக்காது. 29-ஆம் தேதி சொன்ன 2 செ.மீ. முனையை இன்னும் 1 செ.மீ. கூட்டி, கட்டினபின் முனையை மேலே மடித்து அதன் மேல் இன்னொரு சுற்று சுற்றினால் கழன்று வராது. அளவும் 20க்கு 32 என்று எடுத்துக்கொள்ளுங்க, நடுவில் இடம் குறையாது.

மிச்சமிருக்கிற சார்ட் துண்டுகளை எறியாதீங்க. மே மாசம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பெயர்ச்சீட்டு வெட்ட ஆகும்.